மேலே அடிப்பதா, நகரா விசையா, பந்தை மாற்றுவதா?

44 விசைகள் உள்ள தட்டச்சுப் பொறியில், ஷிஃப்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 88 குறிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. பிரெஞ்சு எழுத்துகளின் தலைக்குறிகள், கணிதத்துக்கு வேண்டிய கிரேக்க எழுத்துகள், தமிழின் 247 எழுத்துகள் என எதுவானாலும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்; அடங்காதவற்றுக்கு வேறு வழி காண வேண்டும். கணினிக்கு முன்பு அப்படிக் கண்ட வழிகளில் மூன்றை இங்கே ஒப்பிடலாம்.

முதலாவது, ஒரு குறியின் மேல் இன்னொன்றை அடிப்பது. பழைய ஆங்கிலப் பொறிகள் பலவற்றில் ஆச்சரியக் குறிக்குத் தனி விசை கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, பேக்ஸ்பேஸை அழுத்தி (இந்தப் பொறியில் அது எழுத்தை அழிக்காது, ஓர் இடம் பின்னே நகர்த்தும்), அதே இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பார்கள். முக்காற்புள்ளியின் மேல் சிறு கோடு அடித்தால் வகுத்தல் குறி கிடைத்துவிடும். பொறியில் எந்த மாற்றமும் தேவையில்லை என்பதே இதன் பெரிய பலம். பக்கத்துக்கு ஓரிரு குறிகள் என்றால் இதுவே போதும். வரிக்கு நான்கு என்றால் கை சலித்துவிடும்.

இரண்டாவதான நகரா விசை அமைப்பில் எளியது, பயனில் பெரியது. சாதாரண விசையை அடித்தால் எழுத்து பதிந்ததும் தாளைத் தாங்கிய வண்டி ஓர் இடம் நகரும். நகரா விசையோ குறியைப் பதிக்கும், வண்டியை நகர்த்தாது. எனவே அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறியின் கீழேயே வந்து அமரும். பிரெஞ்சுப் பொறியில் கூரை போன்ற தலைக்குறி இப்படித்தான் அடிக்கப்பட்டது. ஆனால் குறி பதியும் உயரம் மாறாதது; சிறிய எழுத்துக்குப் பொருந்தும் அந்த உயரம் பெரிய எழுத்தின் தலையில் இடித்தது. பெரிய எழுத்துகளைத் தலைக்குறி இல்லாமலேயே எழுதும் பழக்கம் பிரெஞ்சில் வேரூன்றியதற்கு இந்தப் பொறிகளும் ஒரு காரணம்.

தமிழில் அந்தச் சிக்கல் எழவில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால், புள்ளிக்கு ஒரே உயரம் போதும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா வகுத்த விசைப்பலகையின் வழிவந்த தமிழ்ப் பொறிகளில் புள்ளி, இகரக் குறி, ஈகாரக் குறி ஆகியவை நகரா விசைகளாக அமைந்தன. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். த, இகரக் குறி, ம, புள்ளி, ழ என ஐந்தே தட்டுகளில் அது முடிகிறது. பேக்ஸ்பேஸ் வழியில் அதே சொல்லுக்கு ஏழு தட்டுகள் வேண்டும். பக்கம் முழுக்கப் புள்ளிகள் நிறைந்த மொழியில் இந்த வேறுபாடு ஒரு நாள் வேலையையே பாதிக்கும். எழுத்தோடு பிணைந்து வடிவம் மாறும் கு, டு, மு, து போன்றவற்றை இப்படி ஒட்டவைக்க முடியாது என்பதால், அவற்றுக்கு ஷிஃப்டில் தனி இடம் தரப்பட்டது. எது ஒட்டும், எது ஒட்டாது என்று மொழியின் இயல்பறிந்து பகுத்த இந்த முடிவைப் பெரிதும் மதிக்கிறேன்.

மூன்றாவது, ஐபிஎம் 1961-இல் வெளியிட்ட செலக்ட்ரிக் என்ற மின் தட்டச்சுப் பொறி. அதில் எழுத்துக் கம்பிகளே இல்லை. 88 குறிகள் பொறித்த, கோல்ஃப் பந்து அளவிலான உருண்டை ஒன்று சுழன்றும் சாய்ந்தும் எழுத்தைப் பதித்தது. அதைக் கழற்றிக் கணிதக் குறிகள் உள்ள பந்தை மாட்டச் சில நொடிகளே ஆகும். குறி ஒவ்வொன்றும் முழு வடிவில் வார்க்கப்பட்டதால், அச்சின் தெளிவில் மற்ற இரண்டும் இதன் அருகில் வர முடியாது. ஆனால் ஒரே சமன்பாட்டில் ஆங்கில எழுத்தும் ஆல்ஃபாவும் பீட்டாவும் மாறி மாறி வந்தால், ஒவ்வொரு முறையும் கை விசைப்பலகையை விட்டு எழ வேண்டும். அதற்கு மாற்றாக, குறிகளுக்கு இடம் விட்டுப் பக்கம் முழுவதையும் அடித்த பிறகு பந்தை மாற்றி இடங்களை நிரப்பலாம். அதற்கு வரியும் இடமும் பிசகாமல் தாளைப் பொருத்தும் கைத்தேர்ச்சி வேண்டும்.

ஆய்வேடு தயாரிப்பவருக்குப் பந்தையே பரிந்துரைப்பேன். அன்றாடக் கடிதமும் கோப்பும் தமிழில் அடிப்பவருக்கு நகரா விசைக்கு ஈடு எதுவும் இல்லை. தட்டச்சுப் பயிலகத்தில் ‘யளனக’ என்று தொடங்கிய விரல்கள் புள்ளியை முதலில் அடித்து, பிறகே மெய்யின் உருவை அடிக்கப் பழகியவை. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் வரிசை தலைகீழ்: முதலில் எழுத்து, பின்னர் புள்ளி. அதனால் பழைய தட்டச்சு முறையைப் பின்பற்றும் கணினி மென்பொருள், விரல் முதலில் தரும் புள்ளியை வாங்கி வைத்திருந்து, எழுத்து வந்த பிறகு அதற்கு அடுத்ததாகச் சேர்க்கிறது.