விமானப் பயணத்துக்குக் கார்பன் ஈடு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பிராங்க்பர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே அடிக்கடி பறக்க வேண்டியிருப்பதால், அப்பயணங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக, வேறெங்காவது அந்த வாயுவைக் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் செலுத்துவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். அமைப்புக்கு அமைப்பு கட்டணம் வியப்பூட்டும் அளவுக்கு வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியதுதான், யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குத் தீர்மானித்துத் தந்தது.

தொடக்கத்தில் பயன்படுத்தியது, பயணச்சீட்டு வாங்கும்போதே ஒரு விமான நிறுவனம் காட்டிய வசதியை. தொகை மிகச் சிறியது. இலைப் படம் போட்ட சான்றிதழும் உடனே வந்தது. ஆனால் எந்தத் திட்டம், எந்த ஆண்டின் கார்பன் கிரெடிட் (ஒரு டன் கரியமில வாயு குறைக்கப்பட்டதற்கான சான்று), பதிவேட்டில் அதன் வரிசை எண் என்ன என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. கேட்டு எழுதியதற்கு நன்றிக் கடிதம் ஒன்றே பதிலாகக் கிடைத்தது. வரிசை எண் இல்லாவிட்டால், அதே கிரெடிட் இன்னொருவருக்கும் விற்கப்படவில்லை என்று சரிபார்க்க வழியில்லை.

மலிவான கிரெடிட்டுகளில் கணிசமானவை இந்தியக் காற்றாலைகளிலிருந்து வருபவை. காற்றாலை நல்லதுதானே என்று தோன்றும், கேள்வி அதுவன்று. இந்தப் பணம் வராவிட்டால் அந்தக் காற்றாலை எழும்பியிருக்காதா என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் நூற்பாலைகள் தங்கள் மின்தேவைக்காகவும் வரிச்சலுகைக்காகவும் காற்றாலைகளை நிறுவியதை அறிந்தவர்களுக்கு இந்த ஐயம் புதிதாக இராது. இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கீகரிக்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 விழுக்காடு, எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே சென்றதாகக் கணித்தது. காடுகளைக் காக்கும் திட்டங்களின் நிலையும் மேலானதன்று: வெர்ரா அமைப்பு சான்றளித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று 2023 ஜனவரியில் கார்டியன், டீ சைட் இதழ்கள் எழுதின, வெர்ரா அதை மறுத்தது.

இவற்றைப் பார்த்தபின் ஜெர்மனியின் அட்மோஸ்ஃபேர் அமைப்புக்கு மாறினேன். இன்றும் அங்கேயே இருக்கிறேன். பெர்லினிலிருந்து இயங்கும் இந்த இலாப நோக்கற்ற அமைப்பின் கணக்கு, நான் முன்பு கண்டதைவிடப் பெரிய தொகையைக் காட்டுகிறது. விமானத்தின் பின்னால் உருவாகும் பனிப்புகைத் தடங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் புவியைச் சூடாக்குகின்றன என்பதால், 9 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் வெளியாகும் கரியமில வாயுவை இது மூன்றால் பெருக்குகிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் கரியமில வாயுவை மட்டுமே எண்ணுகிறது. கூடுதலாகக் கட்டச் சொல்வதால்தான் இதன்மீது எனக்கு நம்பிக்கை வந்தது என்றால் சிலர் சிரிக்கக்கூடும். கொடுக்கும் தொகை நன்கொடையாகக் கருதப்படுவதால் ஜெர்மனியில் வருமானவரிக் கழிவும் உண்டு.

குறையில்லாமல் இல்லை. இதன் திட்டங்களில் விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளுக்கு முக்கிய இடம் உண்டு. அத்தகைய அடுப்புத் திட்டங்கள் பொதுவாகச் சராசரியாக 9 மடங்குக்கு மேல் மிகையாகக் கணக்குக் காட்டுகின்றன என்று 2024-இல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த ஆய்வு கூறியது. உண்மையில் எத்தனை வேளை எந்த அடுப்பு எரிந்தது என்பதைக் கருவியால் அளக்கும் முறையில் மிகை வெகுவாகக் குறைவதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே பணம் கட்டும்முன் திட்டத்தின் அளவீட்டு முறையைப் படித்துவிடுகிறேன்.

ஐஸ்லாந்தில் காற்றிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்துப் பாறைக்குள் செலுத்தும் கிளைம்வொர்க்ஸ் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றிலிருந்து விடுபட்டது. ஆனால் சென்னைக்குப் போய்வர அங்கே முழுமையாக ஈடுசெய்தால் சாதாரண வகுப்புப் பயணச்சீட்டின் விலையையே மிஞ்சிவிடும். ஜெர்மனியில் வரி செலுத்தாதவர்களுக்குக் கழிவுச் சலுகை பொருந்தாது. அவர்கள், இத்தகைய திட்டங்களுக்குச் சான்றளிக்கும் கோல்டு ஸ்டாண்டர்டு அமைப்பின் தளத்திலேயே திட்டத்தைத் தேர்ந்து வாங்கலாம்.