ஆரஞ்சு கமரோ, கறுப்பு வீல்: சில வருடம் ஓட்டியவனின் புலம்பல்

நண்பர் ஒருவர் 69 கமரோ, அதாவது 1969-ஆம் வருட ஷெவர்லே கார் ஒன்றை வாங்கப் பேசி முடிக்கும் நிலையில் இருக்கிறார். "அண்ணே, உங்க வண்டி மாதிரியே 18 இன்ச் கறுப்பு வீல் போட்டுடலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், அவருக்குத் தூக்கம் வரும். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் வண்டியை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஹெட்லைட்டைக் கதவு மூடும் ஆர்எஸ் முகப்பு, ஹக்கர் ஆரஞ்சு என்ற நிறம், வெள்ளைக் கோடுகள், உள்ளே 430 குதிரைத்திறன் எல்எஸ்3 என்ற புதுக்கால வி8 எஞ்சின். இதையெல்லாம் செய்தவர் எனக்கு முன்னால் வைத்திருந்தவர். டெட்ராயிட் பக்கம் ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும்போது ஓரமாக நிறுத்தினால் போதும், ஒரு பெரியவர் வந்து "ஒரிஜினல் இசட்/28-ஆ?" என்று கேட்பார். இல்லை. இசட்/28 என்பது கமரோவின் வேகமான வகை, கோடு அதன் அடையாளம். அந்த வருடம் வந்தது சுமார் 20,000தான். கோடு போட்டுக்கொண்டு இன்று திரிபவை அதைவிட அதிகம் என்று இங்கே ஒரு கிண்டல் உண்டு. என் வண்டியின் அடையாள எண் 123 என்று தொடங்குகிறது, அதாவது பிறந்தபோது ஆறு சிலிண்டர். எட்டு சிலிண்டர் வி8 என்றால் 124. அதைச் சொன்னதும் பெரியவரின் முகம் மாறும். ஆனால் ஒரு வசதி, "அரிய வண்டியைக் கெடுத்துவிட்டாயே" என்று அதற்குப் பிறகு யாரும் சண்டைக்கு வருவதில்லை. கோட்டைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை. அந்த ஆரஞ்சுக்கு அது பொருந்துகிறது, அவ்வளவுதான்.

பானெட்டில் இருக்கும் கௌல் இண்டக்ஷன் மேடும் அப்படித்தான். அதன் வாய் முன்பக்கம் இல்லாமல் கண்ணாடியைப் பார்த்து இருக்கும். ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடும், அங்கிருந்து எஞ்சினுக்குக் காற்றை எடுக்கலாம் என்பது 69-இல் செய்த கணக்கு. என் எல்எஸ்3 மூச்சு விடுவது ரேடியேட்டர் பக்கத்திலிருந்து. ஆக மேடு வெறும் அலங்காரம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த வீல்!

கமரோவின் முதல் தலைமுறையில் 67, 68, 69 என மூன்று வருட மாடல்கள். அதில் 69-க்கு மட்டும் பக்கவாட்டுத் தகடுகள் தனி. ஒவ்வொரு வீல் வளைவின் மேலிருந்தும் ஒரு மடிப்பு கிளம்பிப் பின்னோக்கி ஓடித் தேயும். நிற்கும்போதே வண்டி ஓடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். கண் முதலில் வீலில் விழுந்து, அங்கிருந்து மடிப்போடு நகர வேண்டும். கம்பெனியே கொடுத்த பழைய 15 இன்ச் ரேலி வீலில் வெள்ளி நிறம், க்ரோம் வளையம், நடுவில் ஒரு மூடி, சுற்றிலும் நல்ல தடிமனான ரப்பர். கண் நிற்க ஓர் இடம் இருக்கும். கறுப்பு ரிம், கறுப்பு டயர், கறுப்பு வளைவு என்று எல்லாம் ஒன்றாகிவிட்டால் அங்கே பார்க்க எதுவும் இல்லை. மடிப்பு அந்தரத்தில் தொடங்குகிறது. பட்டு வேட்டிக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்ட மாதிரி.

பெரிய வீல் போட்டால் வண்டி கம்பீரமாக உயர்ந்து தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். 235/60 டயர் போட்ட 15 இன்ச் வீலின் மொத்த உயரம் சுமார் 663 மில்லிமீட்டர். 245/40 போட்ட 18 இன்ச் வீலுக்கு 653. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுவது இரும்பு, குறைவது ரப்பர்: டயரின் பக்கச்சுவர் 141 மில்லிமீட்டரிலிருந்து 98-க்கு வந்துவிடுகிறது. மிச்சிகனில் பனி உருகியதும் சாலையில் திறக்கும் பள்ளங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த 43 மில்லிமீட்டரின் அருமை புரியும். எனக்கு இடுப்பில் புரிகிறது.

"பிடிக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதானே?" என்பார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 430 குதிரைத்திறனுக்கு ஏற்ற மாதிரி முன்னால் 14 இன்ச் டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறது. அதன் மேல் 15 இன்ச் வீல் ஏறவே ஏறாது. அந்த பிரேக்கோ, நியாயமாகச் சொன்னால், இந்த வண்டியிலேயே சிறந்த பொருள். பழைய காரில் முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அது இதில் கிடையாது. ரேலி வீலையே 17, 18 இன்ச்சில் நகலெடுத்து விற்கிறார்கள். பொருத்திய வண்டிகளைப் பார்த்தேன். நடு மூடி அதே அளவில் நிற்க, சுற்றி இருக்கும் உலோகம் மட்டும் விரிந்து, முகம் பெருத்துக் கண் சிறுத்துப் போயிருக்கிறது. வேண்டாம்.

கோபத்தைத் தணிப்பது முகப்புதான். ஆர்எஸ்ஸில் ஹெட்லைட்டுக்குக் கதவு உண்டு. விளக்கைப் போட்டால் அது உள்பக்கமாக ஒதுங்கும். 67-இல் இதற்கு மின்மோட்டார் வைத்திருந்தார்கள், அடுத்த இரண்டு வருடமும் வெற்றிடத்தில் இயங்கும் ஏற்பாடு. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை ஒரு தொட்டியில் சேர்த்து, ரப்பர் குழாய் வழியாகக் கதவை இழுக்கும். குழாய் கிழடு தட்டினால் ஒரு கண் முந்தும், ஒரு கண் பிந்தும். என் வண்டியில் இடது கண் அப்படித்தான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. போன மாதம் குழாய்களை மாற்றக் கொடுத்தேன். வெற்றிடத்தை விட்டு மின்மோட்டார் கிட் போட்டுவிடலாம், தொல்லை விட்டது என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். இப்போது இரண்டும் ஒன்றாகத் திறக்கின்றன, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்! கதவு மக்கர் செய்தாலும் வெளிச்சம் வெளியே வரட்டும் என்று 69-இல் கதவிலேயே கண்ணாடி பதித்த மூன்று கீற்றுகள் வைத்திருக்கிறார்கள். தன் கருவியையே நம்பாத ஆள் ஒருவர் அந்த வடிவமைப்புக் குழுவில் இருந்திருக்கிறார். அவரை எனக்குப் பிடிக்கும்.

சரி, தம்பிக்குப் பதில். கறுப்பு வேண்டாம். 18 வேண்டாம். அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்த 11 இன்ச் முன் டிஸ்க்கை வைத்துக்கொள், ரேலி வீல் அதன் மேல் ஒழுங்காக உட்காரும், இடைவெளி விட்டு ஓட்டு. பெரிய பிரேக்கை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்காதே. காலையில்தான் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன், ரிம் நெளிந்ததா என்று நாளைதான் பார்க்க வேண்டும்.

இதற்கு மேலும் கேட்காமல் கறுப்பு வீல்தான் போடுவேன் என்றால், கழற்றும் ரேலி வீல் நான்கையும் வேறு யாருக்கும் விற்றுவிடாதே. நான் எடுத்துக்கொள்கிறேன். என் பிரேக் மேல் அவை ஏறாது என்று எனக்கே தெரியும், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.