போர்டா, புரோக்கரா, ஆப்பா: நங்கநல்லூரில் வாடகை வீடு

சென்னை நங்கநல்லூரில் வாடகைக்கு வீடு பிடிக்க மூன்று வழி. தெருத்தெருவாக நடந்து கேட்டில் தொங்கும் டு-லெட் போர்டைத் தேடலாம், புரோக்கரைப் பிடிக்கலாம், போனில் ஆப்பைத் திறக்கலாம். இரண்டு மாதம் மூன்றையும் ஒன்றாகச் செய்து பார்த்தேன். எதில் செலவு குறைவு என்ற கணக்கோடுதான் இறங்கினேன். பத்து வீடு பார்த்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது: ஒவ்வொரு வழியிலும் வருகிற வீடே வேறு, ஓனரே வேறு.

ஆப்பில் வருவது பெரும்பாலும் ஃபிளாட். இந்த ஏரியாவில் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடம் விட்டு மேலே மூன்று மாடி கட்டுவது பல வருடமாக நடக்கிறது. அதில் ஒன்றை வாங்கிப் போட்டவர் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார். நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்ற ஆப்கள் அவருக்காகவே இருப்பதுபோல் இருக்கும். வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், லிஃப்ட் உண்டா, எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும், வெயிலில் அலைய வேண்டாம். ஆனால் போட்டோவை நம்பக் கூடாது. ஹாலின் ஒரு மூலையில் நின்று எடுத்தால் குருவிக்கூடும் கல்யாண மண்டபமாகத் தெரியும். ‘மெட்ரோ பக்கம்’ என்று போட்டிருந்தால் மேப்பில் அளந்து பாருங்கள். நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன் 2016-ல் வந்தது, அது இருப்பது தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில். ஆஞ்சநேயர் கோவில் பக்கம் வீடு எடுத்தால் தினமும் ஷேர் ஆட்டோதான். மின்சார ரயிலில் போகிறவருக்குப் பழவந்தாங்கல் ஸ்டேஷன் வசதி, ஆனால் நல்ல மழை பெய்தால் அங்கே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். இதெல்லாம் எந்த ஆப்பும் சொல்லாது.

அப்புறம் ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் போஸ்டிங், டோக்கன் பணம் போட்டால் சாவி வரும்’ என்று ஒருவர் பேசுவார். க்யூஆர் கோடும் அனுப்புவார். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதில்லை. ஆப் நமக்கே ஆப்பாக மாறும் இடம் இது.

புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை. 18,000 ரூபாய் வீடென்றால் 18,000 அவருக்கு. இதற்குத்தான் எல்லோரும் அவரைத் திட்டுகிறோம். ஆனால் அடுத்த மாதம் எந்த வீடு காலியாகப் போகிறது என்று போர்டு தொங்குவதற்கு முன்பே தெரிந்தவர் அவர்தான். முதலில் இரண்டு மட்டமான வீட்டைக் காட்டுவார், மூன்றாவதாகச் சுமாரான ஒன்றைக் காட்டுவார், அது நமக்கு அரண்மனையாகத் தெரியும். ‘வேற பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க சார், சாயந்தரம் சொல்றேன்னாங்க’ என்பதும் அவர் பாடும் பாட்டு. அந்த வேற பார்ட்டியை இன்றுவரை நான் பார்த்ததில்லை. மாற்றலாகி வந்தவர், பத்து நாளில் குடியேற வேண்டியவர், ஊர் தெரியாதவர், இவர்களுக்குப் புரோக்கர் சரி. நேரம் இருப்பவருக்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்தது போர்டுதான். கீழே தாமே குடியிருந்து மாடி போர்ஷனை விடுகிறவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், ஆப் பக்கமே வரமாட்டார்கள். ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதி, சணல் கட்டி, கேட்டில் மாட்டிவிடுவார்கள். ஐந்தாவது மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு போர்டில் மழை பட்டு போன் நம்பரின் கடைசி எண் கரைந்திருந்தது. 1-ஆ 7-ஆ தெரியவில்லை. 1 போட்டேன், கோயம்புத்தூரில் யாரோ எடுத்தார். 7 போட்டேன், உள்ளேயே மணி அடித்தது. ஓனரம்மா கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகவே கேட்டார். ‘எத்தனை பேரு? சொந்த ஊரு எது? நீங்க வெஜ்ஜா?’

இந்த மூன்று கேள்வியில்தான் போர்டின் கசப்பு இருக்கிறது. சொந்த ஊர் எது என்று கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். என்னோடு ஒரு நாள் அலைந்த முஸ்லிம் நண்பர் பெயரைச் சொன்னதும், ‘இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க தம்பி’ என்றார் ஒரு பெரியவர். மறுநாளும் அந்த போர்டு அதே கேட்டில் தொங்கியது. ஆப்பில் ‘வெஜிடேரியன் மட்டும்’, ‘ஃபேமிலி மட்டும்’ என்று எழுத்திலேயே இருக்கும். அதுவும் அவமானம்தான், ஆனால் வாசலில் நிற்க வைத்து நடப்பதில்லை. புரோக்கர் முதலிலேயே போனில் கேட்டு வடிகட்டிவிடுவார், காரணத்தை நம்மிடம் சொல்லமாட்டார். பேச்சிலர்களுக்கும் ஏறக்குறைய இதே கதை. கமிஷன் போனாலும் போகட்டும் என்று அந்த நண்பர் புரோக்கரிடம் போனதை நான் குறை சொல்லமாட்டேன்.

பேரத்தில் போர்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழைய வழக்கம். 2017-ல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலான வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘உடன்பாடு’ என்ற சந்தில்தான் பத்து மாதம் இன்னும் வண்டி ஓட்டுகிறது. ஓனரிடம் நேரில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசினால் ஆறுக்கு இறங்குவார். ஆடியில் பேசுங்கள். யாரும் பால் காய்ச்ச வராத மாதம், காலி வீடு அவரை உறுத்தும். ஏப்ரல், மேயில் போனால் பள்ளிக்கூடம் பார்த்து வருகிற கூட்டத்தோடு முட்ட வேண்டும். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்வதுதான் ரேட், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நாம் மறந்துவிட வேண்டியதுதான்.

எந்த வழியில் போனாலும் பாத்ரூம் பக்கெட்டின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. கீழ்த்தளமென்றால் சுவரில் முழங்கால் உயரத்தில் பெயிண்ட் மட்டும் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள், மழைத் தண்ணீர் ஏறிய கறையை மறைத்திருக்கலாம்.

எனக்கு வீடு கிடைத்தது இஸ்திரி வண்டிக்காரர் மூலம். ஒரு வீட்டிலிருந்து மூன்று வாரமாகத் துணி வரவில்லை, காலி செய்துவிட்டார்கள் என்றார். போனேன். மாடிப்படிக்குக் கீழே ஓனர் குந்தி உட்கார்ந்து அட்டையில் ‘டு’ வரைக்கும் எழுதியிருந்தார். பேசி முடித்ததும் அட்டையைத் திருப்பி ஈ.பி. பெட்டிக்குப் பின்னால் செருகினார். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.