கழற்றும் முன் கேள்வி கேட்கும் மிக்ஸி ரிப்பேர் கடை

தீபாவளிக்கு 4 நாள் இருக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டர் ஒன்றில் திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு, 1,800 ரூபாய்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. கோவை சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனைக் கடைக்கு ஜாரோடு தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஸ்குரூ டிரைவரைத் தொடவே இல்லை. "என்ன அரைச்சீங்கம்மா?" உளுந்து என்றேன். "கெட்டியாவா? நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் மாறுச்சா, கருகுன வாசம் வந்துச்சா?" சத்தம் மாறியது, வாசம் வரவில்லை. அதற்குள் பெஞ்சில் இருந்த பாட்டி, "அடியில செவப்பு பட்டனை அமுக்கிப் பாத்தியா கண்ணு?" என்றார். ஓவர்லோடு சுவிட்ச்! அமுக்கியதும் ஓடியது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நானாக இருந்தால் அத்தோடு கிளம்பியிருப்பேன். கடைக்காரர் விடவில்லை. ஜார் பிளேடைக் கையால் சுற்றச் சொன்னார், அசையவே இல்லை. உள்ளே பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கிறது. பிளேடு சுற்றத் திணறினால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும், சுவிட்ச் தானாக விழும். புஷ்ஷையும், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் தேய்ந்த கப்ளரையும் மாற்ற 180 ரூபாய்தான் ஆனது.

குறை இல்லாமல் இல்லை. பில் கேட்டால் துண்டுச்சீட்டு. "நாளைக்கு" என்றால் மூன்று நாள். ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள், கிரைண்டர் கல் கொத்த வந்தவர்கள் வாசல்வரை நிற்பார்கள்.