கடலைக்காட்டில் டிரெயில் கேமரா: மூன்று வார ஊர் அனுபவம்

மாமாவின் கடலைக்காடு பவானிசாகரை அடுத்து, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு ஓடை, அவ்வளவுதான். மார்ச்சில் இருந்தே ஃபோனில் ஒரே புலம்பல்: “மான் பூராத்தையும் தின்னுட்டுப் போகுது மாப்ளே.” மே மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போவதாக இருந்தது. அமெரிக்காவில், பென்சில்வேனியா வீட்டில் சும்மா கிடந்த டிரெயில் கேமராக்களில் (மரத்தில் கட்டிவிட்டால் மிருகம் வரும்போது தானாகப் படம் எடுக்கும்) இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு இந்தக் கேமரா பழக்கமானது மான் வேட்டையால். ஆகஸ்டிலேயே மரத்தில் கட்டிவிடுவோம். எந்தக் கிடா எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு வருகிறது என்று வாரக்கணக்கில் பார்த்து வைத்துக்கொண்டால், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும்போது எங்கே உட்காருவது என்று யோசிக்க வேண்டியதில்லை. (இது நியாயமான ஆட்டமா என்ற சண்டை அங்கேயும் உண்டு. அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்கு இந்தக் கேமராவைப் பயன்படுத்தக் கூடாது.) நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைத் தொட்டால் ஜெயில்தான். ஆகவே வருவது யார் என்று பார்ப்பதோடு கேமராவின் வேலை முடிந்தது.

கேமராவுக்கு எட்டு ஏஏ பேட்டரி. லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் தனியாகப் போடக் கூடாது. அதைச் சரியாகச் செய்தேன். பச்சை நிறப் பெட்டியில் ஒற்றைக் கண்ணும் ஆண்டெனாவுமாக இருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்த சுங்க அதிகாரி தனியாகக் கூப்பிட்டார். “காட்டு மிருகத்தைப் படம் எடுக்கிற கேமராங்க” என்றேன். அவர் ஊர் தாளவாடியாம். அங்கே ராகிக்கு யானை வரும் கதையைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு அனுப்பினார். படத்தை ஃபோனுக்கு அனுப்பும் ஆண்டெனா வைத்த அந்தக் கேமரா ஊரில் உதவவில்லை. அமெரிக்க நெட்வொர்க்கோடு பூட்டி விற்கிறார்கள், நம் ஊர் சிம் எதைப் போட்டாலும் அசையாது. நல்லவேளை, இன்னொன்று வெறும் மெமரி கார்டில் ஓடுவது.

கட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். விரட்டுவார்கள் என்று பயந்து போனால், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள். பட்டா நிலத்தில் கட்டிக்கொள்ளலாம், ஓடையைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. சிறுத்தையோ புலியோ விழுந்தால் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும். “வாட்ஸ்அப்ல மட்டும் போட்டுடாதீங்க, ஊரே டார்ச்சோட கிளம்பிடும்” என்றார் ஒரு வனவர். காட்டுப்பன்றியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். 2025-இல் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். ஓடையே எல்லையாக உள்ள மாமாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம், படம் இருந்தால் நல்லது என்றார்.

மறுநாள் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் அந்தப் பக்கம் வந்தபோது என் கேமராவையும் பார்த்துவிட்டுப் போனார். வேப்பமரத்தில் நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தேன், பென்சில்வேனியா வழக்கம். “பன்னி இதுக்கு அடியிலயே பூந்து போயிருமுங்க” என்று முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். புலிக் கணக்கெடுப்புக்குத் தடத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ஜோடியாக வைப்பார்களாம். வலப்பக்க வரி வேறு, இடப்பக்க வரி வேறு என்பதால் இரண்டும் வேண்டும். ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் கண்ணில் அடிக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்பது வரை விளக்கினார். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் இப்படி வைத்து அது கின்னஸிலும் ஏறியது. அவர் கை வேகத்தைப் பார்த்தால் அதில் ஒரு நூறையாவது இவர் கட்டியிருப்பார் என்று தோன்றியது.

முதல் இரண்டு நாள் 1,400 படம். அத்தனையும் காற்றில் ஆடும் சோளத்தட்டு.

இந்தக் கேமராவின் சென்சார் பார்ப்பது நகரும் சூட்டை. பின்னணியைவிட உடம்பு சூடாக இருந்தால்தான் அதற்கு வித்தியாசம் தெரியும். நவம்பர் குளிரில் மான் விளக்குப் போட்ட மாதிரி தெரியும். மே மாத மத்தியானம் 38 டிகிரியில் மண்ணும் மானும் ஏறக்குறைய ஒரே சூடு. ஆடு முன்னால் நின்று மேய்ந்தாலும் கேமரா தூங்குகிறது, வெயிலில் காய்ந்த தட்டு ஆடினால் முழித்துக்கொள்கிறது. தட்டை வெட்டி, கேமராவை வடக்கு பார்க்கத் திருப்பி, ராத்திரி மட்டும் ஓடும்படி வைத்த பிறகுதான் உருப்பட்டது.

அப்புறம் பேட்டரி. கொண்டுவந்ததில் பாதியை வீட்டுப் பிள்ளைகள் ரிமோட் காருக்கு எடுத்துவிட்டார்கள். டவுனில் கிடைத்தது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா பேட்டரி. அகச்சிவப்பு விளக்கு இழுக்கும் கரண்டுக்கு அது இரண்டு ராத்திரி தாங்கவில்லை. அல்கலைன் வாங்கக் கோயம்புத்தூர் போக வேண்டியதாயிற்று. அங்கேயே ஒரு கடையில் மலிவாக இருக்கிறதே என்று 128 ஜிபி மெமரி கார்டு வாங்கினேன், 350 ரூபாய். போலி. எட்டு ஜிபி நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே எழுதத் தொடங்கியது. திருப்பிக் கொடுக்கப் போனால், “பில் இல்லாம எப்படி சார்?” பில் கேட்டபோது புக் தீர்ந்துவிட்டது என்று சொன்னதும் அதே ஆள்தான்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில். ஒரு வாரத்தில் கேமரா செத்துவிட்டது. திறந்து பார்த்தால் சித்தெறும்பு உள்ளே முட்டை வைத்திருக்கிறது, பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. கடைப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். பழைய டூத் பிரஷால் எறும்பைத் தட்டினான், பஞ்சில் வினிகர் தொட்டுப் பச்சையைத் துடைத்தான், விட்டுப்போன ஒயரை சால்டர் வைத்தான். மூடும்போது ரப்பர் பட்டையில் விரலால் கொஞ்சம் வாசலின் தடவி, “இனி உள்ள போகாதுங்கண்ணா” என்றான். 80 ரூபாய். அமெரிக்காவில் இதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்பார்கள்.

அன்று ராத்திரியே ஆள் மாட்டினான். முதலில் ஒரு பெரிய ஒற்றைப் பன்றி, அதன் பின்னால் குட்டிகளோடு பெட்டைகள். மூக்கால் மண்ணை உழுது கடலையைத் தோண்டித் தின்கின்றன. மூன்று மணி நேரம் கழித்துப் புள்ளிமான் கூட்டம் வருகிறது, பன்றி பிடுங்கிப் போட்ட செடியில் தழையைக் கடிக்கிறது. விடியற்காலையில் மாமா தண்ணீர் கட்ட வரும்போது அவர் கண்ணில் படுவது மான். மாதக்கணக்கில் திட்டு வாங்கியது அதுதான். “அட, நம்ம மேல்தான் தப்பு” என்று மாமா சொல்லவில்லை. “மானும்தான் தின்னுது பாரு” என்றார்.

அந்த மான் படங்களை எனக்காகவும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியாவில் நாங்கள் வேட்டையாடும் வெண்வால் மானில் எல்லாக் கிடாவுக்கும் கொம்பு ஒரே பருவத்தில் முளைத்து ஒரே பருவத்தில் விழும். இங்கே ஒரே கூட்டத்தில் ஒன்றுக்கு முழுக்கொம்பு, பக்கத்தில் நிற்பதற்கு தோல் மூடிய அரைக்கொம்பு. பென்சில்வேனியா நண்பர்களிடம் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

படத்தைப் பிரிண்ட் போட்டு, சிட்டா, அடங்கலோடு நஷ்டஈட்டு மனு கொடுக்கப் போனோம். கிராம நிர்வாக அலுவலரின் சான்றுக்கு மட்டும் மூன்று நடை. இரண்டு முறை ஆள் இல்லை, மூன்றாம் முறை முத்திரை இல்லை. ஒருவழியாக மனுவை வாங்கியவர் படத்தையே உற்றுப் பார்த்தார். “பகல் ரெண்டே முக்காலுக்கு இப்படிக் கும்மிருட்டா இருக்குமா சார்?”

கீழே 02:47 பிஎம் என்று இருந்தது. கேமராவில் பென்சில்வேனியா நேரத்தை மாற்றவே இல்லை. ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் நள்ளிரவு 12:17. அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்தார், ஆனால் வேறு படம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. நேரத்தை மாற்றி மறுபடி கட்டி, நான் விமானம் ஏறும் முன்தினம்தான் பன்றி திரும்ப வந்தது. மனு ஏற்கப்பட்டது, பணம் இன்னும் வரவில்லை.

கேமராவை மாமாவிடமே விட்டுவந்தேன். இந்த வருட சீசனுக்கு எனக்குப் புதிது வாங்க வேண்டும். மாமா கார்டைக் கழற்றி ஃபோனில் போட்டுப் படம் அனுப்பப் பழகிவிட்டார். நேற்று வந்ததில் ஆறு பன்றி, நேரமும் சரியாக இருக்கிறது. தேதிதான் அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் நின்று 06/05 என்று விழுந்திருக்கிறது. அலுவலகத்தில் அதை மே 6 என்றுதான் படிப்பார்கள். இன்று இரவு வீடியோ காலில் அதை மாற்றச் சொல்லித் தர வேண்டும்.