எங்கள் ஊர் வாசிகசாலையின் புதிய இறாக்கைகள்

நூல்களைப் பகுத்து அடுக்குவதற்காக மூடப்பட்டிருந்த எங்கள் ஊர் வாசிகசாலை சென்ற மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வெக்கையில் மூன்று மாலைகள் அங்கே இருந்து வாசித்த பின்னரே இதனை எழுதுகிறேன். வெளிச்சமும் காற்றும் போதுமானவை. பத்திரிகை மேசை துப்புரவாக இருக்கிறது. ஆனால் ஒரு வாசிகசாலையின் தரம் அதன் இறாக்கைகளில்தான் தெரியும்.

நூல்களுக்குத் தூயி தசமப் பகுப்பின்படி எண் இட்டிருக்கிறார்கள். 1876இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தமுறை அறிவு முழுவதையும் பத்துப் பெருவகுப்புகளாகப் பிரிக்கிறது. சமயத்துக்குரிய 200களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே போய்விட, இந்து சமய நூல்கள் யாவும் 294.5 என்பதன் கீழ் நெருங்கி நிற்கின்றன. சைவ சித்தாந்தச் சிறுநூல் ஒன்றின் முதுகில் எண்ணை எழுத இடம் போதாமல் இரண்டு வரியாக மடித்து எழுதியிருந்ததைக் கண்டபோது எனக்கு மனம் கனத்தது.

நான் தேடிப் போனது ஒரு சித்த மருத்துவ நூல். 615இல் இருக்கவேண்டிய அது, 133இல், "சோதிடம், மாந்திரீகம்" என்று எழுதிய அட்டைக்குக் கீழே இருந்தது. கடுக்காய்ச் சூரணத்தின் அளவைச் சொல்லும் பக்கத்தை விரித்தபோதே, அதனைச் சந்தேகத்துடன் வாசிக்கிறேன் என்பதை உணர்ந்தேன். முதலில் கண்ட சொல் அடுத்து வருவதை மனம் எதிர்கொள்ளும் விதத்தை மாற்றுவதை உளவியலாளர் முன்தூண்டல் என்பர். 1971இல் மேயரும் ஷ்வனவெல்ட்டும் செய்த சோதனையில், பாணும் பட்டரும் போல உறவுள்ள சொற்கள் சேர்ந்து வந்தபோது, அவை உண்மையான சொற்கள்தாம் என்று பங்குபற்றியோர் விரைவாகத் தீர்மானித்தனர். முதுமை பற்றிய சொற்களைக் கண்டவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்ற 1996ஆம் ஆண்டு ஆய்வு முடிவோ, 2012இல் கருவியால் நேரம் அளந்து திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. ஆகவே ஓர் அட்டை ஆளையே மாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நூலைத் திறக்கும் அந்தக் கணத்தை அது தொடுகிறது, அதுவே கவலைப்படப் போதுமானது.

நூலகரிடம் சொன்னேன். "மாத்திறதெண்டால் பதிவேட்டிலயும் மாத்தவேணும் ஐயா, நாளைக்குச் செய்து வைக்கிறன்" என்றார். மறுநாள் மாலை அந்நூல் மருத்துவ இறாக்கையில், பழைய எண்ணின் மேல் ஒட்டிய புதிய வெள்ளைத் தாளுடன் இருந்தது. பசை இன்னும் காயவில்லை. இவ்வளவு அக்கறையுள்ள இடத்துக்கு அங்கத்துவப் பணம் கட்டத் தயங்கவேண்டியதில்லை. 133இல் இன்னும் நான்கைந்து மருத்துவ நூல்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றையும் விரைவில் மாற்றிவிடும்படி நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.