சராசரி 1000 மணி என்றால் எப்போது மாற்றுவது?

பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் மெஷினின் இரண்டு பாகங்களின் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தது 900, 960, 1000, 1040, 1100 மணி ஓட்டத்தில். கன்ட்ரோல் கார்டு (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு) போனது 60, 240, 700, 1300, 2700 மணியில். கூட்டி ஐந்தால் வகுத்தால் இரண்டுக்கும் 1000 மணிதான். எம்டிபிஎஃப் (ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையிலான சராசரி ஓட்ட நேரம்) என்று மீட்டிங்கில் காட்டும் சராசரி இதோடு நின்றுவிடும்.

அதை நம்பி இரண்டையும் 850 மணிக்கு மாற்றச் சொன்னால், பெல்ட்டில் ஐந்து பிரேக்டவுனும் தப்பும். கார்டில் மூன்று அதற்குள் போயிருக்கும். மீதி இரண்டையும் நன்றாக ஓடும்போதே கழற்றி வீசியிருப்போம். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான்.

பழுதான மணிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்கும் வைபுல் முறை இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். சுவீடன் பொறியாளர் வலோடி வைபுல் 1951-ல் இதை விரிவாக எழுதினார். இதில் பார்க்கவேண்டியது, அந்த மணிகளிலிருந்து கணக்கிடும் பீட்டா என்ற எண். 1-க்குக் கீழே இருந்தால் மாட்டிய புதிதிலேயே கோளாறு; ஃபிட்டிங்கைப் பாருங்கள். 1-ஐ ஒட்டி இருந்தால் பாகத்தின் வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. நன்றாகத் தாண்டினால் தேய்மானம். அதற்குத்தான் மாற்றும் தேதி குறிக்க வேண்டும். சராசரி 1000 மணியே இருக்கட்டும்: பீட்டா 1 என்றால் 500 மணிக்குள் 39% போய்விடும், 3 என்றால் 9% கூடப் போகாது.

சராசரியை ஒதுக்கச் சொல்லவில்லை. வருஷத்துக்கு எத்தனை கார்டு ஸ்டோரில் வேண்டும் என்பதற்கு அது போதும்.

அவெய்லபிலிட்டி சதவீதம் (மொத்த நேரத்தில் மெஷின் ஓடிய பங்கு) வேறு விதமாக ஏமாற்றும். 1000 மணி ஓடி 10 மணி நின்றாலும், 100 மணி ஓடி 1 மணி நின்றாலும் 99%தான். சாயப்பட்டறையில் துணி உள்ளே இருக்கும்போது பம்ப் நின்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பத்து முறை நிற்பதும் ஒரு முறை நிற்பதும் அங்கே ஒன்றா?

என் ஓட்டு வைபுலுக்கே. ஆனால் ரெஜிஸ்டர் சரியாக இருக்க வேண்டும். மாட்டிய அன்று ஹவர் மீட்டர் (ஓடிய மணியைக் காட்டும் மீட்டர்) ரீடிங், கழற்றிய அன்று ரீடிங், பழுதாகிக் கழற்றியதா நல்ல நிலையில் கழற்றியதா என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.